நாலு மாரி கண்ட மட்டை: அடிநுனிக்கு இறப்பர் ஒட்டிய அனுபவம்

2021 ஓகஸ்டில் வாங்கிய கிரிக்கெட் மட்டைதான் இன்றும் என் கையில் இருக்கிறது. கிரிப் மூன்று தடவை மாறிவிட்டது, பந்து படும் முகத்தில் இரண்டு இடத்தில் வெடிப்புக்குப் பசை வைத்திருக்கிறேன். ஆனால் அடிநுனி, அதாவது நிலத்தில் தட்டுகிற பக்கம், வாங்கிய அன்று இருந்த அகலத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் கடினப் பந்து விளையாடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

இதற்கு முந்தைய மட்டை ஒரே மாரியில் போனது. 2019இல் கல்முனையில் வாங்கியது, காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்தது. அந்த வருடம் டிசம்பரில் மழை விட்ட இடைவெளியில் எல்லாம் விளையாடினோம். கொங்கிறீற் பிட்ச்சில் விரித்த தும்பு மேட்டிங் பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் நின்று ஒவ்வொரு பந்துக்கும் நாலைந்து தட்டுத் தட்டுவேன். ஒருநாள் மட்டை உறைக்குள் போகாமல் இடித்தது. பார்த்தால் நுனி இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் கீழிருந்து மேலாக மூன்று வெடிப்பு. பெப்ரவரியில் ஒரு யோர்க்கர், காலடியில் வந்து விழுகிற பந்து, ஒரு மூலையைப் பெயர்த்துக்கொண்டு போனது.

அதை எங்கள் ஒழுங்கையில் தச்சுவேலை செய்யும் ஓடாவி மாமாவிடம் கொண்டுபோனேன். கிரிக்கெட் பற்றி அவருக்கு அக்கறை இல்லை, பலகை பற்றி நிறையத் தெரியும். “மகன், பலகை பக்கத்தால குடிக்கிறது கொஞ்சம். வெட்டின வாயாலதான் இழுத்துக் குடிக்கும். வேலிக்கட்டை நடும்போது அடிக்குக் கழிவு ஒயில் பூசாம நடுவியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விளங்க வைத்தது. மட்டையின் நீளத்துக்கு ஓடுகிற நார்கள் எல்லாம் அடிநுனியில் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கின்றன. ஈரம் அந்த வழியாக வேகமாக மேலே ஏறும். ஈரம் குடித்த மரம் நீளத்தில் அநேகமாக மாறாது, அகலத்திலும் தடிப்பிலும்தான் ஊதும். அதோடு, மட்டை செய்யும்போது அந்த வில்லோவை உருளையால் அழுத்தி இறுக்குகிறார்கள். நனைந்தால் அழுத்திய நார் திரும்ப எழும்பிவிடும். மரம் அந்த இடத்தில் மெத்தென்று ஆவது அதனால்தான். தேய்மானம் வேறு கதை இல்லை: கொங்கிறீற்றில் தட்டித் தட்டி, ஓட்டம் எடுக்கும்போது கோட்டுக்குள் இழுத்து இழுத்து நுனியின் வார்னிஷ் போகிறது, பிறகு அந்த வாய் திறக்கிறது.

புது மட்டைக்கு முதலில் சைக்கிள் டியூப் வெட்டி சூப்பர் குளூவால் ஒட்டினேன். மூன்று வாரம்கூட நிற்கவில்லை. சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி போல் விறைத்துவிடும், ஒவ்வொரு தட்டுக்கும் இறப்பர் நெளியும், பசை நொறுங்கும். அப்புறம் கடையில் விற்கும் டோ கார்ட், அதாவது நுனிக்கென்றே வெட்டிய இறப்பர் துண்டு, ஒன்று வாங்கி, சப்பாத்துக்குப் பூசும் மஞ்சள் பசையால் ஒட்டினேன். அது நன்றாகவே நின்றது, 2021 மாரி முழுக்கத் தாண்டியது.

பிழை விட்டது அடுத்த மாரியில். 2022 நவம்பரில் முன்பக்க மூலை ஒன்று நகம் நுழையும் அளவு எழும்பியிருந்தது. சின்ன இடம்தானே என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சணம், ஊத்தை மணம், நகத்தால் அழுத்தினால் பதிகிற மரம். இறப்பர் இல்லாத மட்டையில் நனைந்த நுனி காற்றுப்பட்டுக் காயும். பாதி கழன்ற இறப்பருக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். எனக்கு நாலு வருடத்தில் கிடைத்த முக்கியமான பாடம் இது: அரைகுறையாக ஒட்டியிருக்கும் டோ கார்ட், இல்லாததைவிட மோசம். மூலை எழும்பினால் அன்றே முழுதாக உரித்துவிடுங்கள். எழும்பிய வாய்க்குள் பசையைப் பிதுக்கி மூடுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை.

மூன்று வாரம் நிழலில், காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட்டேன். பிறகு கறுத்த இடத்தைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து, வார்னிஷ் மெல்லிதாக இரண்டு தடவை பூசி, நன்றாகக் காய்ந்ததும் மேற்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டு இறப்பர் ஒட்டினேன். இறப்பர் கழன்றாலும் உள்ளே இன்னொரு காவல் இருக்கட்டும் என்பதற்குத்தான் வார்னிஷ். பசையை இரண்டு பக்கமும் பூச வேண்டும். விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பலருக்குக் கழலுகிறது. சேர்த்தபிறகு நகர்த்த முடியாது, ஆகவே பார்த்து வையுங்கள். டியூப் பட்டியால் இறுக்கிச் சுற்றி ஒரு இரவு விட்டு, காலையில் மரத்தின் ஓரத்தோடு ஓரமாக இறப்பரைச் செதுக்குங்கள். ஒரு மில்லிமீற்றர் வெளியே நீட்டினாலும் மேட்டிங்கில் கொளுவி உரிந்துவிடும்.

தடிப்பு 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கிரிக்கெட் விதியே நுனிப் பாதுகாப்புக்கு அவ்வளவுதான் அனுமதிக்கிறது. பலசரக்குக் கடைத் தராசில் என் துண்டைப் பசையோடு நிறுத்தபோது 15 கிராம்தான். ஆடும்போது பாரம் தெரியவில்லை.

யோர்க்கர் அடியில் இருந்து இது காப்பாற்றாது. அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

மட்டைக்குப் பூசும் லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். முகத்துக்கும் ஓரங்களுக்கும் துணியால் மெல்லிதாகப் பூசலாம், நுனியை எண்ணெயில் ஊற வைக்காதீர்கள். தண்ணீரைக் குடிக்கிற அதே வாய் எண்ணெயையும் குடிக்கும், மட்டை பாரமாகிச் செத்துப்போகும். எண்ணெய் ஊறிய மரத்தில் பசையும் பிடிக்காது.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். எங்கள் வீடு கல்லடியில், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரியில் சீமெந்துத் தரை வியர்க்கும். முன்பெல்லாம் மட்டையை மூலையில் சாத்தி வைப்பேன், இப்போது அலுமாரிக்கு மேலே படுக்க வைக்கிறேன். பொலித்தீன் உறையில் போடுவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதற்கு நேர்மாறான தொல்லை: மரம் வறண்டு முகத்தில் மயிர் மாதிரி வெடிப்பு வரும். அந்த நாட்களில் தகரக் கூரைக்குக் கீழேயோ, மோட்டார் சைக்கிளில் கட்டியபடி வெயிலிலோ விடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

2023 பெப்ரவரியில் ஒட்டிய இறப்பரை 2024 செப்டெம்பரில் ஒரு தடவை மாற்றினேன். கழற்றியபோது உள்ளே வார்னிஷ் மினுங்கியபடி இருந்தது, மரம் காய்ந்து இறுக்கமாக இருந்தது. இப்போது சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் துணியால் துடைத்து, நுனியைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. போன கிழமை பின்பக்க ஓரத்தில் நகம் லேசாகத் தட்டுப்பட்டது. மழை தொடங்குவதற்கு முன் உரித்து ஒட்ட, பசை வாங்கி வைத்துவிட்டேன்.