முதல் அசெம்பிள்டு பிசி: இன்டெல் 1700-ஆ, ஏஎம்5-ஆ?

கேபினட், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மூன்றையும் முடிவு செய்ய ஒரு மாலை போதும். எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ. எஸ்எம்பிஎஸ் நல்ல பெயருள்ள கம்பெனியின் 650 வாட், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் தாங்கும். மண்டையைக் குடைவது ப்ராசசரும் மதர்போர்டும்தான். நடுத்தர பட்ஜெட்டில் முதல்முறை அசெம்பிள் செய்கிறவர்களில் பலர் கடைசியில் இரண்டு ஜோடிகளுக்கு நடுவில் வந்து நிற்பார்கள்: இன்டெல் ஐ5-12400எஃப், பி760 போர்டு, அல்லது ஏஎம்டி ரைசன் 5 7600, பி650 போர்டு. நான் இரண்டாவதை எடுத்தேன். இன்று யாராவது கேட்டாலும், கீழே சொல்லும் இரண்டு விதிவிலக்குகள் தவிர, அதையேதான் சொல்வேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட், 65 வாட். ரைசன் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 12400எஃப் 4.4-உடன் நின்றுவிடும். கேமில் ரைசன் முந்தும். ஆனால் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் கார்டுதான் எல்லையாகிவிடும், வித்தியாசம் சுருங்கிவிடும். விலையில் இன்டெல் ஜோடி குறைவு. இன்னொன்று, 7600-க்குள் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனாலும் மானிட்டரை போர்டிலேயே செருகி வேலையைப் பார்க்கலாம். 12400எஃப்-இல் அது கிடையாது.

என் முடிவைத் தீர்மானித்தது சாக்கெட், அதாவது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம். 12400எஃப்-க்கு அது எல்ஜிஏ 1700, 7600-க்கு ஏஎம்5. பிசியில் ரேம், கார்டு, எஸ்எஸ்டி எதையும் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். போர்டை மாற்றுவது அப்படியில்லை. எல்லா ஒயரையும் கழற்றி, கூலரைத் தூக்கி, பேஸ்ட்டைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஓஇஎம் (ஒரு பிசிக்கென்றே விற்கப்படும்) விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது, அதுவும் போய்விடும். ஆகவே மூன்று நான்கு வருஷம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்ற முடியுமா, போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதில்தான் பெரிய செலவே ஒளிந்திருக்கிறது.

2017-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஜனவரியில் இன்டெல் இசட்270 போர்டு வாங்கியவரால், அதே அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறை ப்ராசசரைப் போட முடியவில்லை. இரண்டுக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151தான். இருந்தும் புதுப் போர்டு வேண்டும் என்றார்கள். அதே வருஷம் ஏஎம்டி பி350 போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை, பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதே போர்டில் ஓட்டினார்கள். ஐந்து வருஷப் பழைய போர்டு அன்றைக்கு முன்னணியில் இருந்த கேமிங் ப்ராசசரை ஏற்றுக்கொண்டது.

எல்ஜிஏ 1700-இன் கதை முடிந்துவிட்டது. 2021-இல் 12-ஆம் தலைமுறையோடு வந்தது, 14-ஆம் தலைமுறையோடு நின்றது. 2024 அக்டோபரில் அடுத்த சாக்கெட்டான எல்ஜிஏ 1851 வந்துவிட்டது. அப்கிரேடே கிடையாது என்று சொல்ல மாட்டேன், 12400எஃப்-ஐ எடுத்துவிட்டு ஐ7-14700 போடலாம், போர்டின் பவர் பகுதி தாங்கினால். ஆனால் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்களில்தான் ப்ராசசரையே கெடுக்கும் வோல்டேஜ் பிரச்சினை வந்து, 2024-இல் இன்டெல் பயாஸ் அப்டேட் வழியாக மைக்ரோகோடு திருத்தம் கொடுத்து வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. நாளைக்கு அந்த ப்ராசசரை செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, முந்தைய ஆள் பயாஸ் அப்டேட் செய்தாரா என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஏஎம்5 2022-இல் வந்தது. 7000 வரிசைக்குப் பிறகு 9000 வரிசையும் அதே சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது. 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இது வாக்குறுதிதான் என்பதையும் மறக்கக் கூடாது: 2020-இல் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-இன் 400 வரிசை போர்டுகளில் ரைசன் 5000 ஓடாது என்று முதலில் சொன்னவர்களும் இவர்களே, வாடிக்கையாளர்கள் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கி வந்தார்கள். ஆனால் வாக்குறுதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இன்றைக்கே என் போர்டில் 9800எக்ஸ்3டி போட முடியும். எனக்கு அதுவே போதும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் இந்தக் கணக்கு கண்ணால் தெரியும். பேர் கேள்விப்படாத பிராண்டுகளில், பழைய இன்டெல் ப்ராசசர்களுக்கான எச்61 போர்டுகள் புதுப் பெட்டியில் விற்றுக்கொண்டிருக்கும். பழைய இன்டெல் ப்ராசசர் நன்றாக இருந்தும் போர்டு போய்விட்டவர்கள்தான் அதை வாங்குகிறார்கள்.

சரி, விதிவிலக்குகள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது; நான் வாங்கியபோது இப்படி இல்லை. ஏஎம்5 புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம் மட்டுமே எடுக்கும். உங்களிடம் ஏற்கெனவே நல்ல டிடிஆர்4 ரேம் 16 அல்லது 32 ஜிபி இருந்தால், டிடிஆர்4 வகை பி760 போர்டும் 12400எஃப்-உம் நியாயமான முடிவு. அப்புறம், 10-பிட் 4:2:2 எச்இவிசி வீடியோ எடுக்கும் கேமரா வைத்து எடிட்டிங் செய்கிறவர்கள் எஃப் இல்லாத ஐ5-12400 எடுக்கலாம், அதன் உள் கிராஃபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதி அந்த ஃபைல்களை நேரடியாகக் கையாளும். எல்ஜிஏ 1851-ஐ நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஏஎம்5 எடுக்கிறவர்கள் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். நாளை புது ப்ராசசர் வாங்கும்போது, பழையது கையில் இல்லாவிட்டாலும் பென்டிரைவிலிருந்தே அப்டேட் ஏற்றலாம். ரேமை இரண்டு குச்சிகளாக வாங்கி, ப்ராசசரிலிருந்து எண்ணினால் 2, 4-ஆவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். சாக்கெட் லீவரை அழுத்தும்போது கறுப்பு மூடி டப்பென்று தெறித்து வரும், அது அப்படித்தான் வரும். முதல்முறை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், போர்டின் ஓரத்தில் டிரேம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது, பல நிமிடம் ஆகலாம். அதுவரை பவர் பட்டனைத் தொட வேண்டாம்.