கையுறையா, 5எஸ்-ஆ, தானாக நிற்கும் மெஷினா? செட்டிநாட்டுப் பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டில் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளையும் காரைக்குடிப் பக்கத்துப் பலகாரக் கூடங்களையும் மனத்தில் வைத்துப் பேசுவதே பொருத்தம். பாதுகாப்புக்கென்று தனி அதிகாரியை நியமிக்க இயலாத இத்தகைய சிறு கூடங்களுக்கு மூன்று வழிகள் உண்டு: கையுறை, காலணி, எச்சரிக்கைப் பலகை என்னும் பழகிய வழி, வீணானவற்றைக் குறைக்கும் லீன் உற்பத்தி முறையில் பட்டறையை ஒழுங்குபடுத்த வரும் 5எஸ், அதே முறையைச் சேர்ந்த போகா-யோகே, அதாவது தவறு நேரவே இடம் கொடாதபடி கருவியை அமைப்பது.

முதல் வழி செலவு குறைந்தது என்பதால் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் ஆபத்தை அது அப்படியே விட்டுவிட்டு, ஆபத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் உறையை மட்டும் வைக்கிறது. ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. கையுறையின் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிட்டால், வெறுங்கையில் பட்டதைவிட அதிக நேரம் தோலோடு ஒட்டியிருந்து புண்ணாக்கும். உறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அதை மட்டும் நம்பக் கூடாது.

5எஸ் என்பது தேவையற்றதை விலக்குதல், மிஞ்சியதை ஒழுங்காக வைத்தல், துப்புரவு, ஒரே சீரான நடைமுறை, விடாத பழக்கம் ஆகிய ஐந்தின் தொகுப்பு. டைல்ஸ் பட்டறையில் இதன் பயன் கண்கூடு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த மணல்-சிமெண்டுத் தூளைத் தூவி, அதன்மேல் சாந்தை நிரப்பி, பிறகு தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோவது இங்குள்ள வரிசை. விளிம்பு உடைந்த கண்ணாடி நல்ல கண்ணாடியோடு கலந்து அடுக்கப்பட்டிருந்தால், அவசரத்தில் எடுக்கும் விரலைத்தான் அது முதலில் கிழிக்கும். உடைந்ததை அன்றன்றே விலக்கிவிட்டால் அந்தக் காயத்துக்கு வழியே இல்லை. வண்ணக் கிண்ணங்களும் சாந்தும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு மேடைமேல் இருந்து, தொட்டியும் அருகிலேயே அமைந்தால், நாள் முழுவதும் குனிவதும் ஈரக் கல்லைச் சுமந்து ஈரத்தரையில் நடப்பதும் குறையும். லீன் முறை வீண் அசைவு என்று கணக்கிடுவதும் முதுகுவலிக்குக் காரணமாவதும் பெரும்பாலும் ஒன்றே. உலர் தூளைப் பெருக்கித் தள்ளாமல், ஈரத்துணியால் துடைத்து அள்ளினால் நுரையீரலுக்கும் நல்லது. சுவரில் ஒட்டும் 5எஸ் சுவரொட்டிகளால் இதில் எதுவும் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் மின்விசையால் மெஷின் சுழலும் இடத்தில் 5எஸ் போதாது. பலகாரக் கூடத்தின் மாவு பிசையும் மெஷினுக்குள் ஓட்டத்தின்போது கை போவதைச் சுத்தமான தரை தடுக்காது. இங்கே போகா-யோகே முந்துகிறது: மூடி திறந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ஒரு சுவிட்ச்; எண்ணெய்ச் சூடு எல்லை மீறினால் எரிவாயுவை அடைக்கும் கட்டுப்பாடு. 1960-களில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ பரப்பிய இந்தச் சிந்தனைக்கு, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும்படி ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா அமைத்த தறி முன்னோடி. கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கு இதை விளக்க அதிக நேரம் பிடிக்காது. சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் கேட்டது. வேறுபாடு என்னவென்றால், வெறும் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெஷினை ஓட்டலாம். சுவிட்சோடு இணைந்த மூடியைத் திறந்துவைத்து அவ்வளவு எளிதில் ஓட்ட முடியாது.

எனவே என் தெரிவு: கைவேலை மிகுந்த டைல்ஸ் பட்டறையில் முதலில் 5எஸ், பலகாரக் கூடத்தில் மெஷினுக்கும் அடுப்புக்கும் முதலில் போகா-யோகே, கையுறையும் காலணியும் இரண்டு இடத்திலும் கடைசி அரண். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி தரும் இடங்களில் ஒரு சிக்கல் உண்டு. மெஷின் நிற்கும் நேரம் தொழிலாளியின் வருமானத்தில் விழுகிறது என்றால், அந்தச் சுவிட்சை ஒரு கம்பியால் கட்டி வைத்துவிடுவார்கள்; வீண் அசைவைக் குறைத்து மிச்சமான நேரத்தை முதலாளி கூடுதல் எண்ணிக்கையாக்கினால், குறைந்த முதுகுவலி வேறு உருவில் திரும்பும். ஆகவே சுவிட்ச் பொருத்தும் முன்பே, மெஷின் நின்ற நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்பதைத் தொழிலாளர்களிடம் நேரில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.