தொப்பூர் அபராதம் என்று வரும் செய்தி: வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

பாலக்கோடு, இராயக்கோட்டை மண்டிகளிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர்கள் இதைப் பொறுமையாகப் படித்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டுகிறேன். சென்ற மாதம் கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தியை நம்பி ரூ.24,600 இழந்தேன்.

சேலத்தில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய நான்காம் நாள் மாலை, மண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. மேலே அரசு முத்திரை, நடுவில் என் குட்டியானையின் பதிவெண். கீழே பிழையில்லாத தமிழில், தொப்பூர் கணவாயில் வேக வரம்பை மீறியதற்கு ரூ.1,000 அபராதம் என்றும், இன்றிரவுக்குள் கட்டினால் ரூ.500 போதும் என்றும் எழுதியிருந்தது. அந்த வாரம் தொப்பூர் இறக்கத்தில் உண்மையாகவே வண்டி ஓட்டியிருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. இணைப்பைத் தொட்டேன், திறந்த பக்கத்தில் ஏடிஎம் அட்டையின் எண்களைக் கொடுத்தேன், வந்த ஓடிபியையும் பதிந்தேன். அடுத்த நிமிடமே கணக்கிலிருந்து பணம் போய்விட்டது.

அன்றிரவு என் மகள் கைப்பேசியை வாங்கி, ஓடிபி வந்த குறுஞ்செய்தியை முழுவதும் படித்தாள். "அப்பா, இதுல இருபத்தி நாலாயிரத்து அறுநூறுன்னு தெளிவா போட்டிருக்கே, பாக்கலையாப்பா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. படமும் நிறமும் இல்லாமல் இரண்டு வரி ஆங்கிலத்தில் இருந்த அந்தச் செய்தியில் ஆறு இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். ஒரே செய்திப் பெட்டியில் அடுத்தடுத்து இருந்த இரண்டில், அழகாக இருந்தது பொய், வெறுமையாக இருந்தது மெய்.

அந்த இரண்டும் ஒரே வகைச் செய்தி அல்ல என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன். வங்கி அனுப்பியது பழைய எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3 அன்று முதன்முதலாக அனுப்பப்பட்ட அந்த முறைக்கு இணையம் தேவையில்லை. ஒரு செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 இடம்தான். அந்த எழுபதிலும் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி இடம் பிடிப்பதால், நான்கே எழுத்துள்ள 'தக்காளி' ஏழு இடத்தை எடுத்துக்கொள்ளும். நிறுவனங்கள் எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டுமானால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2025 முதல் அந்தப் பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்கிறது: அரசுச் செய்தியானால் 'ஜி' (G), விளம்பரமானால் 'பி' (P).

எனக்கு வந்த போலி அபராதமோ ஆர்.சி.எஸ். என்ற புதிய முறையில் வந்தது. செல்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு இதற்கான பொது வரையறையை 2016இல் வெளியிட்டது. ஐபோனுக்கு 2024இல்தான் வந்தது. இணையம் வழியாகச் செல்வதால் படம், காணொளி, நீளமான தமிழ் எல்லாம் தடையின்றிப் போகும்; எதிராளி படித்துவிட்டாரா என்பதும் தெரியும். நானே வியாபாரிகளுக்குத் தக்காளியின் நிறத்தைப் படமெடுத்து இப்படித்தான் அனுப்புகிறேன், அந்த வசதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தனி ஆள் தன் பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்பும் ஆர்.சி.எஸ். செய்திக்கு, நிறுவன எஸ்.எம்.எஸ்.ஸுக்கு உள்ள பெயர்ப் பதிவும் வாசகச் சரிபார்ப்பும் கிடையாது. முகப்புப் படமாக அவர் அரசு முத்திரையையே வைத்துக்கொள்ளலாம். செய்தியின் ஓரத்தில் தெரிந்த பூட்டுக் குறியையும் நான் தவறாகப் புரிந்துகொண்டேன். வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள், அனுப்பியவர் யோக்கியர் என்பதற்கு அது சான்று அல்ல. பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறி இருக்கும். எனக்கு வந்ததில் பெயரே இல்லை, வெறும் எண்தான் இருந்தது.

பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிந்தேன், வங்கிக்குச் சொல்லி அட்டையையும் முடக்கினேன். ஆனால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவரையே சேரும். அதனால் வங்கியிடமிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மூன்று நடை வாடகை அந்த ஒரு நிமிடத்தில் போயிற்று.

இராயக்கோட்டை மண்டியில் விசாரித்தபோது, இன்னும் இரண்டு ஓட்டுநர்களுக்கும் அவரவர் பதிவெண்ணோடு அதே செய்தி வந்திருப்பது தெரிந்தது. உங்களுக்கும் வந்தால் இணைப்பைத் தொடாதீர்கள். போக்குவரத்து அபராதங்களைக் காட்டும் அரசின் பரிவாகன் இ-செலான் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அன்றிரவு என் மகள் அப்படிப் பார்த்தபோது, என் வண்டியின் பேரில் ஒரு ரூபாய் அபராதமும் இல்லை.