ஏழு வருஷம் யுனிவர்சிட்டி ஹெல்த் சென்டரில்: மருந்து இருக்கு, கட்டில் இல்லை

போன வாரம் பிஎச்.டி. சேர்ந்த ஒரு தம்பி கேட்டான்: “அண்ணா, யுனிவர்சிட்டிக்கே சொந்தமா பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, அப்புறம் எதுக்குத் தனியா ஹெல்த் சென்டர்?” ஏழு வருஷமாக இரண்டு வாசலிலும் கால்கடுக்க நின்றவன் நான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டும் பிறந்த காரணமே வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1869-ல் ஒரு பேராசிரியரின் வீட்டை 20 படுக்கை மருத்துவமனையாக மாற்றியது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் தானே நடத்திய முதல் மருத்துவமனை அதுதான். ஆபரேஷன் தியேட்டர்கூடக் கிடையாது. வகுப்பில் காட்ட வேண்டிய நோயாளிகளை அதற்கு முன்னும் பின்னும் தங்கவைக்கும் இடம், அவ்வளவுதான். மாணவன் அங்கே போனது படிக்க.

மாணவன் உடம்பைப் பார்க்க ஆள் வந்தது வேறு வழியில். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1861-ல் பொறுப்பேற்ற மருத்துவர் எட்வர்ட் ஹிட்ச்காக், மாணவர்களின் உயரம், எடையெல்லாம் அளந்து குறித்துவைத்தார். பிரின்ஸ்டனில் கல்லூரித் தலைவரின் மனைவி இஸபெல்லா மெக்காஷ், நோயில் கிடந்த பையன்களை அறைக்கே போய்ப் பார்த்துக்கொண்டார். 1890-களில் அங்கே மாணவர்களுக்கென்று கட்டிய மருத்துவமனைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குப் படுக்க ஒரு கட்டில், பக்கத்தில் ஒரு ஆள்.

எங்கள் சென்டரில் ராத்திரிக்கு அந்தக் கட்டில் இல்லை. என் தீராத கடுப்பு இதுதான்.

மூன்றாம் வருஷம் 103 டிகிரி காய்ச்சலோடு போனேன். சிஸ்டர் புறங்கையை நெற்றியில் வைத்த மறுநொடி திரைக்குப் பின்னால் படுக்கவைத்தார். டிரிப்ஸ் ஏறியது. ஐந்தரை மணிக்கு ஊசியை உருவி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னவர், “பூட்டணும்ப்பா, ரூம்ல யாரையாவது கூட இருக்கச் சொல்லு” என்றார். செமஸ்டர் லீவு. என் மாடியில் நான் ஒருத்தன்தான். ராத்திரி தண்ணீர் பிடிக்க எழுந்தவன், சுவரைப் பிடித்தபடி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே சிஸ்டர் போனில்: “காய்ச்சல் இறங்கிச்சாப்பா?” அழுகை வந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அப்படி ஒரு போன் வந்ததில்லை. மாணவர் அட்டையை நீட்டினாலும் அங்கே டோக்கன்தான். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், என் குடல்வால் ஆபரேஷனை அவர்கள்தான் பிசிறில்லாமல் செய்தார்கள்.

தம்பி, சாதாரணக் காய்ச்சல் என்றால் முதலில் ஹெல்த் சென்டருக்கே போ. டாக்டர் பொறுமையாகக் கேட்பார், அந்த சிஸ்டர் மாதிரி ஒருத்தர் கிடைப்பது அரிது. அப்போ சென்டர் நல்லா இருக்கா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நான் கேட்பது ராத்திரிக்கு இரண்டு கட்டில், ஒரு நர்ஸ், அவ்வளவுதான். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வருஷா வருஷம் இதைத்தான் மனுவாக எழுதிக் கொடுக்கிறேன். இந்த வருஷ மனு வெள்ளிக்கிழமை போகிறது, நீயும் வந்து கையெழுத்துப் போடு.