கை மாறிய தெருமுனை பப்: 2011 முதல் என் அனுபவம்

லண்டனுக்கு வந்த புதிதில், பப் என்றால் நம் ஊர் பார் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்து ஒதுங்கியே இருந்தேன். 2011-ல் ஒரு மழை நாளில் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் தெருமுனை பப்புக்குள் நுழைந்தேன். அன்றிலிருந்து வாரம் ஒரு மாலையாவது அங்கேதான். 2018-ல் அது கை மாறியது. இரண்டு காலத்தையும் பார்த்துவிட்டேன்.

முன்பு ஒரு அம்மா நடத்தினார். நான் கோட்டைக் கழற்றுவதற்குள் அவர் கை, பீரை இழுத்து ஊற்றும் கைப்பம்பில் இருக்கும். இரண்டு மூன்று இழுப்பில் டம்ளர் நிறையும். நுரை அடங்கும்வரை பொறுத்து, குறைந்ததை ஊற்றி நிரப்பித்தான் நீட்டுவார். சிப்ஸ் பாக்கெட்டை நீளவாக்கில் கிழித்து மேசை நடுவில் விரித்து வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒருவர் என் பக்கம் தள்ளிவிட்ட பாக்கெட்டில்தான் இந்த ஊரில் எனக்கு முதல் நட்பு கிடைத்தது.

கட்டிடம் அந்த அம்மாவுடையது இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1989-ல் அரசு போட்ட உத்தரவால், 2000 பப்களுக்கு மேல் வைத்திருந்த பெரிய பீர் ஆலைகள் ஏராளமான பப்களை விற்றன. அவற்றை வாங்கிப் பெருத்தவை பப் கம்பெனிகள். அவர்களிடம் குத்தகைக்கு எடுப்பவர் வாடகையும் கொடுக்க வேண்டும், பீரையும் அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். 2016-ல் இதற்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது 500 அல்லது அதற்கு மேல் இப்படிப்பட்ட பப்கள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும். எங்களுடையது சின்ன கம்பெனி. அதுவும் கட்டிடத்தை விற்றுவிட, அந்த அம்மா கிளம்பிவிட்டார்.

புதியவர்கள் செய்ததில் நல்லதும் உண்டு. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, சக்கர நாற்காலி உள்ளே வருகிறது, சைவச் சாப்பாடு உண்மையிலேயே ருசி.

ஆனால் மூன்று கைப்பம்புகளில் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். அவற்றில் வருவது பீப்பாய்க்குள்ளேயே நொதிக்கும் ஏல் என்ற பீர் வகை. அதைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும், 11 முதல் 13 டிகிரியில் வைக்க வேண்டும், குழாயைத் தவறாமல் கழுவ வேண்டும். கேக் (keg) என்ற மூடிய உலோகப் பீப்பாயில் வரும் லாகர் பீருக்கு இவ்வளவு பாடு இல்லை. தடுப்புச் சுவரை இடித்ததில் பேச்சு எதிரொலிக்கிறது, காது மந்தமான பெரியவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு. உட்கார்ந்த இடத்துக்கே டம்ளர் வந்துவிடுகிறது. முன்பு கவுண்டரில் காத்து நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தானே முன்பின் தெரியாதவர்களோடு பேச்சு தொடங்கும்!

சரி, போனது போகட்டும். தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப்பை 2013-ல் அந்தப் பகுதி மக்களே சேர்ந்து வாங்கினார்கள். முதலில் அதை சமூகச் சொத்தாக கவுன்சிலில் (உள்ளாட்சியில்) பதிவு செய்ததால்தான் வாங்குவதற்கு அவகாசம் கிடைத்தது. இது 2018-ல் எங்களுக்குத் தெரியாது. இப்போது அடுத்த தெரு பப்பை அப்படிப் பதிவு செய்ய மனு தயார் செய்கிறோம். குழுவாகப் போவதானால் உள்ளூர் வாக்காளர் 21 பேர் வேண்டும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் நம்மவர்களும் பட்டியலில் இருக்கலாம். இதுவரை 17 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வியாழன் மாலை அங்கேதான் இருப்போம், மனு கவுண்டரிலேயே இருக்கும்.