பழைய சுவருக்கு எந்த நார்: வாழையா, சணலா, தேங்காயா?

எங்கள் கும்பகோணம் வீட்டுச் சுவர்கள் சித்துக்கல்லும் (மெல்லிய பழைய காலச் செங்கல்) சுண்ணாம்புக் காரையும். சித்திரை, வைகாசியில் வாய்க்கால் வற்றிக் களிமண் வெடிக்கும்போது சுவரிலும் விரிசல் விழும். ஐப்பசி மழையில் மண் ஊறி உப்பியதும் பாதி மூடிக்கொள்ளும். வருடா வருடம் இதே கதைதான். மேல்பூச்சைப் புதிதாகப் போடலாம் என்று கொத்தனாரை அழைத்தால், "கோழிவலை அடிச்சு சிமெண்ட் பூசிருவோம் தம்பி, அசையாது" என்றார்.

ஆனால் சுவர் அசையத்தான் செய்கிறது. மென்மையான பழைய கல்மேல் விறைப்பான சிமெண்ட் பூச்சு போட்டால், அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கிவிடும். உப்பு சேர்ந்து செங்கல் முகம் பொரிந்து கொட்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரே உப்பு. அங்கே கம்பிவலை துருப்பிடித்து உப்பி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். புதிதாகக் கட்டும் சிமெண்ட் சுவருக்கு வலை அடிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பழைய சுவருக்கு வேண்டாம்.

அப்புறம் என்ன வழி? வைக்கோலை மிதித்துக் குழைத்து மண்சுவர் வைத்த ஊர் நம்முடையது. விரிசல் ஓடாமல் பிடிக்க நார் வேண்டும் என்பது யாருக்கும் புதிதில்லை. சுண்ணாம்புக்குள் எந்த நார் நிற்கும் என்பதுதான் கேள்வி.

நான் முதலில் ஆசைப்பட்டது வாழை நாருக்கு. திருவையாறு பக்கம் தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். அதிலிருந்து இயந்திரத்தில் நார் உரிக்கலாம். இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் விசை, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 500 நியூட்டன். தேங்காய் நாருக்கு 100 முதல் 200 வரைதான். ஆனால் வாழை நார் கொஞ்சம் நீண்டாலே அறுந்துவிடும். நாருக்கு உறுதி தந்து மக்காமல் காக்கும் லிக்னின் என்ற பொருளும் குறைவு என்பதால் சுண்ணாம்பின் காரம் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். காரம் இல்லாத மண்பூச்சில் தாராளமாகப் போடலாம். நெசவுக்கும் நல்ல நார். சுண்ணாம்புக்கு ஒத்துவராது.

சணலுக்கு அலையவே வேண்டாம், நெல் கொள்முதல் நிலையம் இருக்கும் ஊரெல்லாம் சாக்கு கிடைக்கும். அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். சணலை நூற்கும்போது எண்ணெய்க் கலவை தெளிப்பார்கள், அதனால் காரை சரியாகப் பிடிக்காது. நெசவும் நெருக்கம் என்பதால் காரை இழைகளின் இடைவெளிக்குள் நுழையாது. பூச்சு இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். இடைவெளி விட்டுப் பின்னிய சணல் வலை வேறு விஷயம். அது தேங்காய் நாரைவிட விறைப்பு, சுவருக்குப் பலமும் கூடும். ஆனால் ஈரம் தங்கினால் மக்கும். மாடியில் காய்ந்த சுவருக்குச் சரி, தரையை ஒட்டிய சுவருக்கு நான் போட மாட்டேன்.

தேங்காய் நார் வலிமையில் கடைசி. சுவர் தாங்கும் பாரத்தை அது பெரிதாகக் கூட்டாது. ஆனால் அறுவதற்கு முன் தன் நீளத்தில் 15 முதல் 40 சதவீதம் வரை நீளும். விரிசல் விரியும்போது இரு பக்கத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே நீள்கிறது. ஒரு பெரிய விரிசல் விழ வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகள் நாலைந்து விழும். லிக்னின் 40 சதவீதத்துக்குப் பக்கம், அதனால் ஈரத்தையும் காரத்தையும் மற்ற இரண்டைவிட நன்றாகத் தாங்கும். 2018 நவம்பரில் கஜா அத்தனை தென்னைகளைச் சாய்த்த பிறகும் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் நாருக்குப் பஞ்சமில்லை.

ஆனால் இதையும் சிமெண்டில் போடாதீர்கள். சிமெண்டுக்குள் காரம் ஆண்டுக்கணக்கில் தங்கும், தேங்காய் நாரும் அதில் மெல்ல நொறுங்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுக இறுக, அதன் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 12-க்கு மேலிருந்து 9-க்குப் பக்கம் இறங்கிவிடுகிறது. செங்கல் தூள் கலந்தால் இன்னும் நல்லது.

உதிரி நாரை இரண்டு, மூன்று சென்டிமீட்டராக நறுக்கிப் போடலாம். அளவு கூடினால் உருண்டை கட்டும். விரிசல் இருக்கும் இடத்துக்கு சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள நார் வலையை இரண்டு பூச்சுக்கு நடுவே பதிப்பது மேல். எதுவானாலும் நல்ல தண்ணீரில் அலசி, ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். காய்ந்த நார் காரையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஊறிய நார் காயும்போது கொஞ்சம் சுருங்கிப் பிடி தளரும், அது இதன் குறைதான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, காசு நுழையும் அளவு விரிந்த விரிசல் என்றால் அஸ்திவாரத்தைப் பாருங்கள். அதற்கு எந்த நாரும் மருந்தில்லை.

கொல்லைச் சுவரில் ஒரு பாகத்துக்கு நார் வலையும், பக்கத்துப் பாகத்துக்கு வெறும் சுண்ணாம்பும் பூசி ஒரு கோடை கடந்திருக்கிறது. வெறும் பூச்சில் பழைய விரிசல் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. வலை போட்ட பக்கம் உற்றுப் பார்த்தால்தான் கோடுகள் தெரிகின்றன. முன்கட்டுச் சுவரைத் தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்று கொத்தனாரே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.