புதன்கிழமை ஊசி: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிச் சேவை குறித்து

என் மகளுக்கு இப்போது 14 மாதம் நிறைந்திருக்கிறது. பிறந்த அன்று கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியையும் தவிர, இதுவரையிலான எல்லாத் தடுப்பூசிகளையும் கடலூர் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டுக்கொண்டோம். போடலாமா, தள்ளிப்போடலாமா, போடுவதென்றால் அரசிலா தனியாரிலா என்று வீட்டில் வாரக்கணக்கில் பேசிய பிறகே அங்கே போனோம். அதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று, கண்டதை நிறைகுறைகளோடு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் தடுப்பூசிக்கு எதிரிகள் அல்லர். என் மாமியார் தம் பிள்ளைகள் மூவருக்கும் தவறாமல் ஊசி போட்டவர். ஆனால் 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்துபோன செய்தி அவர் மனத்தைவிட்டு அகலவே இல்லை. என் நாத்தனாரோ, 2017இல் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் சுற்றியதைப் போன்ற செய்திகளை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது அவற்றில் ஒன்று. அந்தப் பேச்சுக்கு மூலமான ஆய்வு 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது என்பதையும், 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதையும், அதே ஆண்டில் அதை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும், இரவு இரண்டு மணிக்கு ஐந்து வாரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குப் படித்தது மட்டும் போதவில்லை. யாராவது நேரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனைக்கே போனோம். காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியை அவர்கள் குழந்தை பிறந்தபோதே போட்டிருக்க வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், திறந்தால் அன்றே தீர்த்தாக வேண்டும், அதனால் ஆள் சேரட்டும் என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு அழைக்கவே இல்லை. ஆறாவது வாரம் போனபோது, மாமியாரின் அச்சத்தைப் பற்றிக் கேட்டேன். “கண்டதையும் படித்துவிட்டு வராதீர்கள்” என்று மருத்துவர் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்தார். அவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் தடுப்பூசியை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டது.

எங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்து, தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “புதன்கிழமை காலையில் பாட்டியையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா” என்றார். பாட்டியை அழைத்ததுதான் அவருடைய நுட்பம் என்று இப்போது நினைக்கிறேன். மாமியார் அங்கே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாகத் திருவள்ளூரைத்தான் கேட்டார். “நடந்தது உண்மைதாம்மா, இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்” என்று செவிலியர் தொடங்கினார். அந்த மரணங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதே சில காலம் நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் நிலையங்களில் மட்டும் போடப்பட்டதையும் அவரே சொன்னார். அதன்பின் பேச்சை நிறுத்திவிட்டு, எழுந்து மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

அவர் காட்டியவற்றை ஒவ்வொரு பெற்றோரும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பனிக்கட்டிப் பைகள் சூழ்ந்த பெட்டிக்குள் மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் இருக்கிறது. குப்பியின் மேல் ஊதா நிறத்தில் ஒரு வட்டமும், அதற்குள் வெளிறிய ஒரு சிறு சதுரமும் உண்டு. மருந்தின் மேல் வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். அது வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். எழுத்தறியாத என் மாமியாருக்கு இந்தக் குறி ஒரு நொடியில் புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தவணையிலும் குப்பியைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் அவர்தான். பிசிஜியும் தட்டம்மை–ரூபெல்லாவும் உலர்ந்த பொடியாக வருகின்றன. அவற்றை அந்தந்த மருந்துக்கென்றே வரும் திரவத்தில்தான் கலக்க வேண்டும். கலந்த மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. செவிலியர் பிசிஜி குப்பியைக் கலந்தவுடன் அதன் ஒட்டுத்தாளில் பேனாவால் 10.20 என்று நேரத்தை எழுதினார். ஒரு முறை அழுத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல் என்பதால் மறுமுறை பயன்படுத்தவே முடியாது. போட்டு முடித்ததும் முனையைச் சிறு வெட்டுக் கருவியில் நறுக்கிப் போட்டார்.

அன்று ஒரே வேளையில் பிசிஜியுடன் இன்னும் மூன்று ஊசிகளும் இரண்டு வாய்வழி மருந்துகளும் என்றபோது எனக்கே கலக்கமாக இருந்தது. இடது தொடையில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல், வலது மேற்கையில் தோலுக்குள் போலியோ ஊசி என்று எது எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்பதைச் சொல்லிச் சொல்லியே போட்டார். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி என்று அவர் நோய்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, கக்குவானில் இருமி இருமி நீலம் பாரித்துப்போன பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி மாமியார் தாமாகவே பேச ஆரம்பித்தார். இடது தோளில் பிசிஜி போட்ட இடத்தில் பச்சைப் பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புடைப்பு எழுந்து, சற்று நேரத்தில் அமுங்கிவிட்டது. சில வாரங்களில் அங்கே கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும், எதையும் பூசாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னதால், அது வந்தபோது நாங்கள் பதறவில்லை. அன்றிரவு காய்ச்சல் வந்தது. எடைக்குத் தக்கபடி எவ்வளவு பாராசிட்டமால் தர வேண்டும் என்பதை அட்டையின் ஓரத்தில் எழுதித் தந்திருந்தார். மறுநாள் மாலைக்குள் குழந்தை தெளிந்துவிட்டாள்.

எங்கள் வரிசையில் இருந்த ஒரு தாய், பத்தாவது வாரத் தவணையைத் தவறவிட்டு மூன்று மாதம் கழித்து வந்திருந்தார். திட்டுவார்கள் என்று பயந்தே வராமல் இருந்தாராம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும் என்று சொல்லி, ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல் போட்டு அனுப்பினார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06இல் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, 2015–16இல் 70 விழுக்காட்டை ஒட்டி இறங்கி, அதன்பின்தான் மீண்டும் ஏறினார்கள். அந்த இறக்கத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பயந்து ஒதுங்கிய இப்படிப்பட்ட தாய்மார்களும் அந்தக் கணக்கில் இருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி குறைகள். ஊசி போடும் அறை சுத்தமாக இருந்தாலும், காத்திருக்கும் இடம் ஒரு தகரக் கொட்டகைதான்; ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பத்து மணிக்குப் பிறகே தொடங்குகிறார்கள். பாலூட்ட மறைவிடம் இல்லை. அழும் குழந்தைக்குப் பால் கொடுக்க நான் ஆட்டோவுக்குள் போய் உட்கார வேண்டியிருந்தது. பத்தாவது வாரத் தவணைக்குப் போனபோது வேறொரு செவிலியர் இருந்தார். கூட்டம் அதிகம் என்பதால் விளக்கம் எதுவும் சொல்லாமல், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் இருக்கச் சொல்லவும் மறந்து அனுப்பினார். ஒவ்வாமை ஏதும் வந்தால் உடனே கவனிப்பதற்காகத்தான் அந்த அரை மணி நேரம். அதைச் சொல்ல மறப்பது சிறிய பிழையன்று. நாங்களாகவே காத்திருந்தோம். பதினான்காவது வாரத் தவணையின்போது, வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இருப்பில் இல்லை என்று சொல்லி அடுத்த புதன்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். அன்றாடக் கூலிக்குப் போகும் தாய்க்கு அது இன்னொரு நாள் சம்பளம்.

தனியாரில் கிடைத்து இங்கே கிடைக்காதவையும் உண்டு. பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஊசிகள் அரசு அட்டவணையில் இல்லை. அவை வேண்டுமென்றால் வெளியில் பணம் கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பென்டாவேலன்டுக்குப் பதிலாக ‘வலியில்லா ஊசி’ என்று தனியாரில் சொல்லப்படுவதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. ஆனால் கக்குவானுக்கு எதிரான அதன் பாதுகாப்பு அரசு ஊசியைவிடச் சீக்கிரம் குறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பெற்றோர் சரியாக முடிவெடுக்க முடியும். ஒரு தவணைக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் நிமோகாக்கல் ஊசி இங்கே இலவசம்.

ஒன்பதாவது மாதம் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் போனபோது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டவர் மாமியார். எங்கள் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் ஊசி போடுகிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லா மாவட்டங்களிலும் அது கிடையாது. அடுத்த தவணை 16ஆவது மாதத்தில். அட்டையில் தேதியைக் குறித்திருக்கிறார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்குக் கொட்டகையின் ஒரு மூலையிலாவது திரை போட்டுத் தருமாறு, புதன்கிழமைகளில் சந்தித்துக்கொள்ளும் நாங்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். செவிலியரே அதற்குத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார்.